வவுனியாவிலிருந்து வற்றாப்பளை வரை: ஒரு பஞ்சுக் கரடியின் பாதை

ஏ-9 வீதியால் பயணம் செய்பவர்கள் வன்னியை ஒவ்வொரு விதமாகக் காண்பார்கள். யாழ்ப்பாணம் போகும் பயணிக்கு அது இரு பக்கமும் காடு. வியாபாரிக்கு அது நெல்லும் உழுந்தும் பாலைப்பழமும். எங்களுக்கோ அது 2002 இல் திறந்து, 2006 இல் மூடி, போர் முடிந்த பின்னர் மறுபடி திறந்த பாதை. இந்தத் தடவை அதே வீதியை வேறொரு தேவைக்காகப் பார்ப்போம். கையால் தைத்துப் பஞ்சடைத்த ஒரு பொம்மை செய்ய வேண்டும். அதற்குத் துணி எங்கே, பஞ்சு எங்கே, வடிவம் எங்கே, வாங்குபவர் எங்கே?

இந்தக் கேள்வி சும்மா எழவில்லை. மீள்குடியேற்றத்துக்குப் பின்னர் வன்னியில் பெண்களுக்கு நடந்த சுயதொழில் பயிற்சிகளில் தையலுக்கு முக்கிய இடம் இருந்தது. அதன் ஒரு பகுதியாகப் பஞ்சுப் பொம்மை செய்யவும் சொல்லிக்கொடுத்தார்கள். வேலை நிமித்தம் நான் போகும் வீடுகள் சிலவற்றில் சுவரிலே சான்றிதழ் தொங்குகிறது. மூலையிலே துணி போர்த்திய தையல் மெசின் நிற்கிறது. அலுமாரியின் மேல் விற்காத ஒரு பொம்மை இருக்கிறது. "தைக்கத் தெரியும் தங்கச்சி, விக்கத்தான் தெரியேல்லை" என்று ஓர் அக்கா சொன்னார். அவருடைய கையில் குறை இல்லை. என்ன வடிவம் தைப்பது, என்ன விலை சொல்வது, யாரிடம் கொண்டுபோவது என்ற மூன்றையும் அவருக்கு எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

காலையில் பஸ் ஏறித் தொழிற்சாலைக்குப் போகக்கூடிய பெண்ணுக்கு ஒரு வழி இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் தாயையோ பால்குடிப் பிள்ளையையோ விட்டுப் போக முடியாதவளுக்கு அந்த வழி இல்லை. உடம்பில் செல் துண்டோடு நெடுநேரம் நிற்க முடியாதவளுக்கும் இல்லை. வீட்டிலிருந்து செய்யும் வேலையே அவளுக்குப் பொருந்தும். அவளை மனதில் வைத்துத்தான் இந்தப் பயணத்தைத் தொடங்குகிறேன்.

வவுனியா: கடையில் தொங்கும் கரடி

வவுனியா பஜார் வீதிப் பக்கம் போனால் விளையாட்டுப் பொருட் கடைகளில் பொலித்தீன் உறைக்குள் டெடி கரடிகள் தொங்குவதைக் காணலாம். ரோசா நிறம், மண்ணிறம், கழுத்திலே ரிப்பன். பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கில் தைக்கப்பட்டு வருபவை. விலையில் நாங்கள் இவற்றோடு போட்டி போட முடியாது. ஆனால் இந்தக் கரடி முதலில் பிறந்தது எப்படி என்று தெரிந்துகொண்டால் எங்களுக்கு ஒரு தைரியம் வரும்.

1902 ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் வேட்டைக்குப் போனபோது, கட்டி வைத்திருந்த ஒரு கரடியைச் சுட மறுத்தார். அந்தச் செய்தி பத்திரிகையில் கேலிச்சித்திரமாக வந்தது. நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில் சிறு கடை வைத்திருந்த மொரிஸ் மிச்ரொம், ரோஸ் மிச்ரொம் என்ற தம்பதியர் அதைப் பார்த்துத் துணியில் ஒரு கரடி செய்து கடையில் வைத்தார்கள். ஜனாதிபதியின் செல்லப் பெயரான 'டெடி' கரடிக்கும் பெயராயிற்று.

அதே காலத்தில் ஜேர்மனியின் கீங்கன் என்ற சிற்றூரிலும் கரடி தைத்தார்கள். அங்கே இந்தத் தொழிலைத் தொடங்கியவர் மார்கரெட்டே ஸ்டைஃப். 1847 இல் பிறந்த அவருக்குக் குழந்தைப் பருவத்திலேயே போலியோ வந்து கால்கள் செயலிழந்தன. வலது கையும் பலவீனம். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தையல் கற்றார். வலது கையால் மெசினின் சில்லைச் சுற்ற முடியாதபோது மெசினையே மறுபக்கம் திருப்பி வைத்து இடது கையால் சுற்றினார் என்பார்கள். 1880 இல் குண்டூசி குத்தி வைப்பதற்காகக் கம்பளித் துணியில் ஒரு சிறு யானை தைத்தார். பிள்ளைகள் அதை விளையாட எடுத்துக்கொண்டார்கள். சில ஆண்டுகளுக்குள் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட யானைகள் விற்பனையாயின. 1902 இல் அவருடைய பெறாமகன் ரிச்சர்ட் கரடியொன்றை வடிவமைத்தார். 1907 இல் அந்த ஓர் ஆண்டில் மட்டும் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட கரடிகள் அங்கே செய்யப்பட்டன.

காலையோ கையையோ போரிலே இழந்த சகோதரிகள் பலர் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். உடம்பு மெசினுக்குப் பொருந்தாவிட்டால், மெசினை உடம்புக்குப் பொருத்தலாம் என்பதை அந்தப் பெண் நூற்றாண்டுக்கு முன்னரே செய்து காட்டியிருக்கிறார்.

மாங்குளம்: எங்கள் கரடி எது?

ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் தாண்டி மாங்குளம் வரும்போது காடு நெருங்குகிறது. பாலை, வீரை, முதிரை மரங்கள். இந்தக் காட்டிலேயும் கரடி இருக்கிறது. கடையில் தொங்கும் கரடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எங்கள் கரடி கரிய சடை மயிர் கொண்டது. மூக்குப் பக்கம் வெளிறியிருக்கும். நெஞ்சிலே வெண்மையான வளைந்த கோடு. நீண்ட வெளிறிய நகங்களால் கறையான் புற்றைக் கிண்டித் தின்னும். பாலைப்பழக் காலத்தில் மரத்தில் ஏறிப் பழம் தின்னும். எல்லாவற்றையும் விட, தாய்க் கரடி குட்டிகளைத் தன் முதுகிலே சுமந்துகொண்டு காட்டில் நடக்கும். உலகத்துக் கரடி இனங்களில் குட்டிகளை இப்படி வழக்கமாகச் சுமப்பது இந்த இனந்தான்.

இந்த விடயத்தை ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில் சொன்னபோது முதலில் எதிர்ப்பு வந்தது.

"கரடியோ? எங்கட அப்பாவுக்குத் தேன் எடுக்கப் போன இடத்தில முகத்தில பிறாண்டினது. அதைப் போய்ப் பிள்ளையளுக்குத் தைச்சுக் குடுக்கிறதோ?" என்று ஓர் அக்கா கேட்டார்.

நியாயமான கேள்வி. காட்டோரக் கிராமத்தவருக்குக் கரடி ஒரு கதையல்ல, ஆபத்து. ஆனால் பின்வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர், "முதுகில பிள்ளையைக் காவிக்கொண்டு போறதெண்டால் அது நாங்கள் தானே பிள்ளை" என்றார். கூட்டம் சற்று நேரம் அமைதியாகிவிட்டது. அன்றைக்கே அவர்கள் கடதாசியில் வரையத் தொடங்கினார்கள்: ஒரு தாய்க் கரடி, முதுகிலே ஒரு குட்டி.

வடிவமைப்பு என்றால் பெரிய படிப்பு அல்ல. வேறு எவரும் செய்யாத, தான் நன்கு அறிந்த ஒன்றைத் தெரிவுசெய்து, அதன் இரண்டு மூன்று அடையாளங்களை மட்டும் பிடித்துக்கொள்வது. கரடிக்கு நெஞ்சுக் கோடு, வெளிறிய மூக்கு, முதுகுக் குட்டி போதும். அணில் என்றால் முதுகில் மூன்று கோடும் வாலும். மயில், முயல், ஆமை எல்லாவற்றுக்கும் இதே முறைதான்.

முறிகண்டி: இடத்தை வாங்குகிறார்கள்

முறிகண்டிப் பிள்ளையார் கோவிலில் வாகனத்தை நிறுத்தாமல் போவோர் குறைவு. தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டுதான் மறுபடி ஏறுவார்கள். கச்சான் எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆனாலும் "முறிகண்டிக் கச்சான்" என்று வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அவர்கள் வாங்குவது கச்சானோடு சேர்ந்த இடத்தை.

எங்கள் பொம்மைக்கும் இதுதான் வழி. ரோசாக் கரடியை மலிவாகத் தைத்தால் எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். "வன்னிக் கரடி, பாலைப்பழம் தின்னும், குட்டியை முதுகில் சுமக்கும், இன்ன கிராமத்துப் பெண்கள் தைத்தது" என்று இரண்டு வரி எழுதிய சிறு அட்டை தொங்கினால் அது வேறு பொருள். ஸ்டைஃப் நிறுவனமும் 1904 இலிருந்து தன் பொம்மைகளின் காதிலே ஓர் உலோகப் பொத்தானைப் பொருத்தி அடையாளம் காட்டியது. எங்களுக்குப் பொத்தான் வேண்டாம். ஒரே நிற நூலால் காலடியில் போடும் ஒரு சிறு பூத்தையலே போதும்.

இலங்கையில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. பார்பரா சன்சோனி 1964 இல் கொழும்பில் தொடங்கிய 'பெயார்ஃபுட்' நிறுவனம் கைத்தறித் துணியில் செய்த பொம்மைகளுக்குப் பெயர் பெற்றது. குருநாகலில் 1991 இல் தொடங்கிய 'செலின்' கைத்தறி நிறுவனமும் கிராமத்துப் பெண்களின் கையால் பொம்மைகள் செய்விக்கிறது. கைத்தறி அவர்களுடைய அடையாளம். காடு எங்களுடையது.

அறிவியல்நகர்: துணியும் வெட்டும்

முறிகண்டி தாண்டிக் கிளிநொச்சிக்கு முன்னர் அறிவியல்நகர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்கள் இங்கே இருக்கின்றன. மாஸ் நிறுவனத்தின் 'வானவில்' ஆடைத் தொழிற்சாலையும் இங்கேதான். தையல் என்பது எங்கள் பகுதியில் இன்று ஒரு பெரிய தொழில் என்பதற்கு இந்த இடம் சாட்சி.

தொழிற்சாலைகளின் வெட்டுத்துண்டுகளைக் கேட்பதென்றால் சங்கத்தின் பெயரில், எழுத்தில் கேட்பதே முறை. தனியே போய்க் கேட்டால் வாயிலிலேயே திருப்பிவிடுவார்கள். அதைவிட எளிது, சந்தியில் இருக்கும் தையற்கடைகள். கறுப்புக் காற்சட்டைத் துணியின் மிச்சம் அங்கே கிடைக்கும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். இழுத்தால் நீளும் துணியில் பஞ்சடைத்தால் வயிறு ஒரு பக்கமாகப் பிதுங்கும். அப்படியான துணியின் உட்பக்கத்தில் மெல்லிய பருத்தித் துணியொன்றை வைத்துச் சேர்த்து வெட்டினால் வடிவம் நிற்கும்.

வெட்டுவதற்குக் காட்போட் மட்டையில் வடிவங்களைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு இரண்டு பக்கத் துண்டுகள், அவற்றுக்கு நடுவே மூக்கிலிருந்து பிடரி வரை போகும் ஒரு நீள்துண்டு. இந்த நடுத்துண்டு இல்லாவிட்டால் தலை தட்டையாக, பணிஸ் போல வரும். உடலுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு துண்டுகள், கைக்கும் காலுக்கும் நான்கு நான்கு, காதுக்கு நான்கு, உள்ளங்காலுக்கு இரண்டு. தையலுக்காகச் சுற்றிவரக் கால் அங்குலம் விட்டு வெட்ட வேண்டும். சடைத் துணியாயின் மயிர் எல்லாத் துண்டிலும் ஒரே திசையில் விழ வேண்டும்.

நெஞ்சுக் கோட்டை உடலைப் பொருத்துவதற்கு முன்னரே முன்பக்கத் துண்டில் தைத்துவிடுங்கள். மூட்டுகளைப் பின்தையலால், சின்னச் சின்ன இழையாகத் தைத்து, கழுத்தையும் தோளையும் இரண்டு தரம் ஓட்டுங்கள். பிள்ளை பொம்மையைத் தூக்குவது கையிலும் கழுத்திலும் பிடித்துத்தான். குட்டியைத் தனியே செய்து, தாயின் முதுகில் ஒரு துணிப்பட்டி தைத்து, அதற்குள் செருகும்படி வைத்தால் பிள்ளை இறக்கி ஏற்றி விளையாடும்.

பரந்தன்: பயமில்லாத ஒரு பொருள்

கிளிநொச்சி தாண்டிப் பரந்தன் சந்தி. வடக்கே ஆனையிறவு, முகமாலை. முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் கடினமான வேலையைப் பல ஆண்டுகளாகப் பெண்களும் செய்து வந்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்குப் பாடசாலையிலே சொல்லிக்கொடுத்த ஒரு விடயம் வேறு நாட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாது: நிலத்தில் பளபளப்பாக எது கிடந்தாலும் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துத் தொடாதே.

அப்படி வளர்ந்த பிள்ளைகள் இன்று தாய்மாராகி இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைக்கு நாங்கள் தைத்துக் கொடுக்கும் பொருள் எந்தப் பயமும் இல்லாததாக இருக்க வேண்டும். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பொம்மையில் வாய்க்குள் போய்த் தொண்டையில் சிக்கக்கூடிய சிறு பாகங்கள் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய, அமெரிக்க விதிகள் சொல்கின்றன. ஆகவே பொத்தான் கண்ணும் மணிக் கண்ணும் வேண்டாம். கறுப்புத் துணியில் மண்ணிற நூலால் கண்ணைத் தையுங்கள். நகங்களையும் வெள்ளை நூலாலேயே இழையுங்கள். கழுத்தைச் சுற்றி நீளமான ரிப்பன் கட்டாதீர்கள். தைத்து முடிந்ததும் காது, கை, கால் ஒவ்வொன்றையும் பிடித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள். தொடங்கும்போது எத்தனை ஊசியை எடுத்தோம், முடியும்போது எத்தனை ஊசி இருக்கிறது என்று எண்ணுங்கள். ஓர் ஊசி குறைந்தால் அது கிடைக்கும்வரை எந்தப் பொம்மையும் வெளியே போகக் கூடாது.

புதுக்குடியிருப்பு: பஞ்சு

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வீதியில் கிழக்கே திரும்பினால் விசுவமடு, பிறகு புதுக்குடியிருப்பு. 2009 இன் தொடக்க மாதங்களில் இந்த வீதியால் எத்தனை ஆயிரம் பேர் மூட்டை முடிச்சோடு நடந்தார்கள் என்பதை வாசிக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தலையணையைக் கைவிட்டு நடந்தவர்கள் உண்டு. பிறகு செட்டிகுளம் முகாம்களில் கிழிந்த சேலைத் துண்டை உருட்டிக் கட்டிப் பாவைப்பிள்ளை செய்து கொடுத்த தாய்மாரும் உண்டு. மெனிக் பாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அங்கே செய்த பாவைப்பிள்ளைகளுக்கு எவரும் சான்றிதழ் கொடுக்கவில்லை. ஆனால் அதுவும் பொம்மைத் தொழில்தான்.

எங்கள் வீட்டுத் தலையணைகளுக்குள் இருந்தது இலவம் பஞ்சு. காய் வெடிக்கும் காலத்தில் காசு கொடுக்காமலே சேர்க்கலாம். பாரமில்லாதது, மெத்தென்றது. குறைகளும் உண்டு. அடைக்கும்போது தூசி பறக்கும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். தொய்வு உள்ளவர்கள் இந்த வேலையை மற்றவரிடம் விட வேண்டும். நனைந்தால் கட்டியாகும். நெருப்பும் எளிதில் பற்றும். ஆகவே கழுவ வேண்டிய குழந்தைப் பொம்மைக்குப் பொலியெஸ்டர் பஞ்சே ஏற்றது. காட்சிக்கு வைக்கும் பொம்மைக்கு இலவம் பஞ்சு போதும். எதுவானாலும் முதலில் மூக்கு நுனிக்கும் பாதங்களுக்கும் சிறிது சிறிதாக அடைத்து இறுக்கிவிட்டு, வயிற்றைக் கடைசியில் நிரப்புங்கள். முதுகில் விட்ட மூன்று அங்குல வாயை, நூல் வெளியே தெரியாதபடி உட்பக்கமாகத் தைத்து மூடுங்கள்.

முல்லைத்தீவு: கடலைக் கையில் எடுத்தவர்கள்

முல்லைத்தீவுக் கடற்கரையில் 2004 டிசெம்பர் 26 இன் நினைவு இன்னும் இருக்கிறது. அதே அலை அதே நாளில் தமிழ்நாட்டின் கரையையும் அடித்தது. புதுச்சேரிக்கு அருகே ஆரோவிலைச் சுற்றியுள்ள மீனவக் கிராமங்களில் பெண்கள் கடலைப் பார்க்கவே அஞ்சியிருந்த நேரம். ஆரோவிலில் 'உபாசனா' என்ற ஆடை வடிவமைப்பு நிலையத்தை நடத்தும் உமா பிரஜாபதி 2005 இல் தன் நிலையத்தில் மிஞ்சிய வெட்டுத்துண்டுகளை அந்தப் பெண்களிடம் கொடுத்துச் சின்னஞ்சிறு பொம்மை செய்யும் வேலையைத் தொடங்கினார். பொம்மைக்குப் பெயர் 'சுனாமிகா'. தங்களைப் பயமுறுத்திய அலையின் பெயரையே ஒரு சிறு பெண் பிள்ளைக்கு வைத்தார்கள். கரடிக்கு அஞ்சிய கிராமத்தில் கரடியை வரைந்த அம்மாவை எனக்கு இது நினைவூட்டியது.

சுனாமிகாவை எவரும் விலைக்கு வாங்க முடியாது. அது பரிசாகவே கொடுக்கப்பட்டது. இலட்சக்கணக்கில் பல நாடுகளுக்குப் போயிற்று. ஆனால் செய்த பெண்ணின் உழைப்பு இலவசமாக இருக்கவில்லை. நன்கொடையாக வந்த பணத்திலிருந்து அவளுக்குக் கூலி கொடுத்தார்கள். பொம்மை பரிசாகலாம், பெண்ணின் நேரம் பரிசாகக் கூடாது. இந்த வேறுபாட்டை நாங்கள் மனதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சமூகவியலில் 'கூலியற்ற உழைப்பு' என்று படிப்பதை நாங்கள் சமையலறையில் தினமும் செய்கிறோம். அதைப் பொம்மைக்குள்ளும் அடைத்து விற்கக் கூடாது.

வற்றாப்பளை: விலையும் சந்தையும்

நந்திக்கடல் ஓரத்தில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவில். வைகாசிப் பொங்கலுக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் சனம் வரும். கோவில் வீதியில் கடைகள் நிறையும். பிள்ளையோடு வருபவர் ஒரு விளையாட்டுச் சாமானாவது வாங்காமல் திரும்புவது அரிது. எங்கள் முதற் சந்தை இதுதான். முறிகண்டியும் பாடசாலை விழாக்களும் பிரதேச செயலகங்கள் நடத்தும் விற்பனைக் கண்காட்சிகளும் அடுத்தவை.

விலை எப்படிப் போடுவது? விளங்குவதற்காக ஓர் எடுத்துக்காட்டு. துணி 150 ரூபா, பஞ்சு 100, நூலும் அட்டையும் 30, மின்சாரமும் மெசின் தேய்மானமும் 20. மொத்தம் 300. தைக்க மூன்று மணித்தியாலம், மணிக்கு 150 என்றால் 450. ஆக 750. கடைக்காரர் விற்பனை விலையில் நாலில் ஒரு பங்கு எடுப்பாரென்றால் பொம்மையின் விலை 1000 ஆக வேண்டும். அப்போதுதான் அவருக்கு 250 போக எங்களுக்கு 750 வரும். "சனம் வாங்காது" என்று பயந்து 500 க்குக் கொடுத்தால் துணிக்காரருக்குக் காசு வரும், கடைக்காரருக்குக் காசு வரும், தைத்தவளுக்கு 75 ரூபாதான் மிஞ்சும். மணிக்கு 25 ரூபா! உங்கள் ஊர் விலைகளைப் போட்டு இந்தக் கணக்கை ஒரு தடவை எழுதிப் பாருங்கள்.

விலை கூடுகிறதென்றால் கூலியைக் குறைக்க வேண்டாம். பொம்மையைச் சிறிதாக்குங்கள். உள்ளங்கை அளவு கரடி ஒரு மணித்தியாலத்தில் முடியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொம்மை தைக்க நுண்கடன் எடுக்க வேண்டாம். கிழமைக்குக் கிழமை கட்டும் கடன் எங்கள் பெண்களை என்ன செய்தது என்பது தெரிந்ததே. 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது. முதல் ஐந்து பொம்மையை வீட்டில் இருக்கும் பழைய துணியில் தையுங்கள். அவை விற்ற காசில் அடுத்த பத்துக்குத் துணி வாங்குங்கள். ஐந்தாறு பேர் சேர்ந்தால் ஒருவர் வெட்டலாம், ஒருவர் தைக்கலாம், கண் பார்வை கூர்மையானவர் முகம் இழைக்கலாம், நடக்க முடிந்தவர் சந்தைக்குப் போகலாம். எல்லா வேலையையும் ஒருத்தியே செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இதனால் ஒரு குடும்பம் முழுவதையும் தாங்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். தோட்டம், கோழி, ஆடு எதையும் கைவிட வேண்டாம். ஆனால் பிள்ளையின் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் எவரிடமும் கையேந்தாமல் இருப்பதற்கு இது ஒரு வழி. வைகாசிப் பொங்கலுக்கு முன்னால் மாசி, பங்குனி, சித்திரை என்று மூன்று மாதங்கள் கையில் இருக்கின்றன. இந்த மாதச் சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது ஒரு காட்போட் மட்டையும் கத்தரிக்கோலும் கொண்டுபோங்கள். உங்கள் ஊரிலே பிள்ளைகளுக்குத் தெரிந்த பிராணி எது என்ற கேள்வியிலிருந்து தொடங்குங்கள். மிச்சம் உங்கள் கைக்குத் தெரியும்.